6 கிலோமீட்டர் கடக்கும் ஃபெர்ரிக்கு எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

#1 கணக்குப்பிள்ளை

6 கிலோமீட்டர் நீர்வழி. ஒரு நடைக்கு 20 நிமிடம், கரையில் 10 நிமிடம், பிறகு மறுகரைக்கு 20 நிமிடம். நாளைக்கு 16 மணி நேரம், மொத்தம் 32 நடை. இப்போது ஓடுவது டீசல் ஃபெர்ரி. புரொப்பெல்லருக்குப் போகும் சக்தி சராசரியாக 400 கிலோவாட். இதை மின்சாரத்துக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று ஒரு தாள் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் கப்பல்காரன் அல்ல. கணக்கு மட்டும் தெரியும்.

நான் போட்டது இது. ஒரு நடைக்கு 133 யூனிட். 32 நடைக்கு 4,270 யூனிட் சொச்சம். பேட்டரியை அடிவரை காலி செய்தால் ஆயுள் போய்விடும் என்பதால் 60 சதவீதம் மட்டும் பயன்படுத்துவதாக வைத்தேன். 7,100 யூனிட் பேட்டரி என்று வந்தது. யூனிட்டுக்கு 10 கிலோ எடை என்றால் 71 டன். இரவில் நிறுத்தி முழுவதும் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

71 டன் என்றதும் மேலாளர் சிரித்துவிட்டார். எங்கே தவறினேன்?

#2 ஐயப்படுவோன்

எங்கேயும் தவறவில்லை. உண்மையே அவ்வளவு கனம்.

1 கிலோ டீசலுக்குள் ஏறத்தாழ 12 யூனிட் வெப்பம் இருக்கிறது. எஞ்சின் அதில் பாதிக்கு மேல் வீணடித்தாலும் புரொப்பெல்லர் அச்சுக்கு 5 யூனிட் கிட்டத்தட்ட வந்து சேரும். அதே 5 யூனிட்டை பேட்டரியில் வைக்க 30 முதல் 50 கிலோ தேவை. நாளைக்கு 100 டன் எரிபொருள் குடிக்கும் சரக்குக் கப்பல் 15 நாள் ஓட வேண்டுமானால் பேட்டரி மட்டுமே 45,000 டன்னைத் தாண்டும். சரக்கை எங்கே வைப்பது? மின்சாரக் கப்பல் என்பது கண்காட்சியில் வைக்க நல்ல பொருள்.

#3 மின்வாசி

ஐயப்படுவோன், 15 நாள் கடல் பயணத்தை யாரும் கேட்கவில்லையே. கேள்வி 6 கிலோமீட்டர்.

கணக்குப்பிள்ளை, உங்கள் பெருக்கல் சரி. நாள் முழுவதற்கும் தேவையான மின்சாரத்தைக் காலையிலேயே தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று நினைத்ததுதான் தவறு. அது டீசல் தொட்டிப் பழக்கம். இந்தப் படகு ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு கரையைத் தொடுகிறது. ஒவ்வொரு கரையிலும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

நார்வேயில் 2015-ல் ஓடத் தொடங்கிய 'ஆம்பியர்' இதைத்தான் செய்தது. லாவிக், ஒப்பெடால் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே சோக்னே ஃபியோர்டைக் கடக்கும் 80 மீட்டர் ஃபெர்ரி. தூரம் 5.7 கிலோமீட்டர், உங்களுடையதைப் போலவே 20 நிமிடம். நாளைக்கு 34 நடை, 120 கார், 360 பயணிகள். அதில் வைத்த பேட்டரி ஏறத்தாழ 1,000 யூனிட். 7,100 அல்ல.

#4 கணக்குப்பிள்ளை

கரையில் 10 நிமிடம்தானே நிற்கிறது? அதற்குள் 133 யூனிட் ஏறுமா?

#5 மின்வாசி

10 நிமிடம் என்று அட்டவணையில் இருக்கும். படகு ஒதுங்கிக் கட்டி நிற்கவும், பிளக் பிடிக்கவும், கிளம்பும்போது அவிழ்க்கவும் 3 நிமிடம் போய்விடும். மிச்சம் 7. அந்த 7 நிமிடத்தில் 133 யூனிட் ஏற்ற 1,140 கிலோவாட் வேண்டும். படகுத்துறைகள் பெரும்பாலும் ஊரின் மின்கம்பி முடியும் இடத்தில்தான் இருக்கும். அங்கே போய் 1,140 கிலோவாட் கேட்டால் மின்வாரியக்காரர் உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

ஆம்பியரிலும் இதே சிக்கல்தான். இரண்டு கரையிலும் சிறிய ஊர், மெல்லிய கம்பி. அதனால் ஒவ்வொரு துறையிலும் 260 யூனிட் பேட்டரி ஒன்றைக் கரையிலேயே வைத்தார்கள். படகு கடலில் இருக்கும்போது அது ஊர்க்கம்பியிலிருந்து மெதுவாக நிரம்பும். படகு வந்ததும் சட்டென்று கொட்டும். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. குழாயில் வருவது நூலளவு, குளிப்பது வாளிக்கணக்கில்.

உங்கள் வழித்தடத்தில் ஒரு கரைக்குப் படகு 60 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒரு வருகைக்கு 110 யூனிட் கொடுத்தால் போதும் என்று வையுங்கள். இழப்பெல்லாம் சேர்த்து கம்பியில் 125 கிலோவாட் இருந்தால் கரைத்தொட்டி நிரம்பிவிடும். 1,140 எங்கே, 125 எங்கே!

#6 கணக்குப்பிள்ளை

110 என்றால் ஒரு நடைக்கு 23 யூனிட் குறைகிறதே.

#7 மின்வாசி

குறையட்டும். 32 நடையில் 736 யூனிட் குறையும். படகில் 1,500 யூனிட் பேட்டரி வைத்து 60 சதவீதம் பயன்படுத்தினால் 900 கையில் இருக்கிறது. காலையில் நிறைந்து கிளம்பும், இரவுக்குள் இறங்கிக்கொண்டே வரும், இரவில் 8 மணி நேரம் நின்று நிரம்பும். எடை 71 டன்னிலிருந்து 15 டன்னுக்கு வந்துவிட்டது. மேலாளரிடம் இதைக் காட்டுங்கள்.

#8 அலைக்கோடு

கப்பல் வடிவமைப்பில் இருக்கிறேன். ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. வேகம்.

நீரில் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் சக்தி 27 சதவீதம் குறையும். நேரம் கொஞ்சம் கூடினாலும் ஒரு நடைக்கான மின்சாரம் 19 சதவீதம் மிச்சம். உங்கள் 133 யூனிட் 108 ஆகிவிடும். 2 நிமிடம் தாமதத்துக்கு 25 யூனிட்! பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட இது மலிவு.

#9 மின்வாசி

அலைக்கோடு சொல்வது நீரில் சரி, கரையில் இடறும். அட்டவணை மாறாவிட்டால் அந்த 2 நிமிடம் எங்கிருந்து வரும்? கரையில் நிற்கும் 10-லிருந்து. 7 நிமிட சார்ஜ் 5 ஆகிவிடும். 110 யூனிட் 78 ஆகிவிடும். நடைக்கு 108 செலவு, 78 வரவு, துண்டு 30. வேகமாகப் போனபோது துண்டு 23 தான்!

மின்கட்டணம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் மெதுவாகப் போனதால் பேட்டரி சீக்கிரம் காலியாகும் விந்தை இங்கே நடக்கும்.

#10 அலைக்கோடு

ஒப்புக்கொள்கிறேன். நான் படகை மட்டும் பார்த்துவிட்டேன். அப்படியானால் அந்த 3 நிமிடத்தைச் சுருக்குவதுதான் முதல் வேலை. ஆம்பியரில் கயிறு கட்டுவதில்லை, துறையிலிருக்கும் வெற்றிடத் தட்டுகள் படகின் பக்கத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். 7 நிமிடத்தில் 110 யூனிட் என்றால் 940 கிலோவாட். ஒரு நிமிடம் மிச்சமானால் அந்த 940 கிலோவாட்டில் கிட்டத்தட்ட 16 யூனிட் கூடுதல். புரொப்பெல்லரும் அந்த நேரத்தில் கரையைத் தள்ளிக்கொண்டு சுழல வேண்டியதில்லை.

#11 பழைய சீஃப்

35 வருடம் எஞ்சின் அறையில் இருந்தவன். நீங்கள் எல்லாரும் பிளக் தவறாமல் மாட்டும் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறீர்கள். தம்பி மின்வாசி, நீங்கள் துறையில் வேலை பார்ப்பவர் போலத் தெரிகிறது. அது எத்தனை தடவை மாட்டாமல் போகும் என்று சொல்லுங்களேன்.

#12 மின்வாசி

சீஃப் ஐயா சரியான இடத்தில் கைவைத்துவிட்டார்.

நான் வேலை பார்த்த ஒரு துறையில் சார்ஜ் கை ஒரு கோபுரத்தில் தொங்கும். படகு வந்ததும் அதன் பக்கவாட்டுக் கதவு திறக்கும், கை இறங்கி உள்ளே இருக்கும் குழியில் பொருந்தும், பூட்டு விழுந்ததும் மின்சாரம் பாயும். ஏற்றவற்றத்துக்கும் அலைக்கும் ஏற்ப கை மேலும் கீழும் அசையும். தாளில் எல்லாம் அழகு. ஒரு மாலை அலை சற்று நீளமாக வந்தது. கை குழிக்குள் போயிற்று, பூட்டு விழவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டி கையைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முயன்றது. மூன்றாவது முயற்சியில் பூட்டியபோது 4 நிமிடம் போயிருந்தது. அடுத்த நடையிலும் அதே கதை. மூன்றாவதில் பூட்டவே இல்லை. மறுநாள் பார்த்தால், பூட்டு விழுந்ததைச் சொல்ல வேண்டிய சிறு உணர்வியின் மேல் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் வரும் அளவுதான். அதற்காக அன்றிரவு இரண்டு நடை ரத்து.

உங்கள் கணக்கில், நாள் முடிவில் 900-ல் 164 யூனிட் மிஞ்சும். ஒரு சார்ஜ் தவறினால் தாங்கும். இரண்டு தவறினால் தாங்காது.

#13 கணக்குப்பிள்ளை

மதியம் பயணிகள் குறைவு. ஒரு நடையை விட்டுவிட்டு அரை மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால்? 940 கிலோவாட்டில் 470 யூனிட் வந்துவிடும். இரண்டு என்ன, நான்கு தவறினாலும் தாங்கும்.

#14 மின்வாசி

வராது நண்பரே. 940 வருவது கரைத்தொட்டியிலிருந்து, கம்பியிலிருந்து அல்ல. கம்பி 125 தான். 300 யூனிட் கரைத்தொட்டி வைத்திருக்கிறீர்கள் என்றால் அதில் எடுக்கக்கூடியது 200 இருக்கலாம், அரை மணியில் கம்பி தருவது 60. கூட்டினால் 260. அதோடு அடுத்த முறை படகு வரும்போது தொட்டி காலியாக இருக்கும்.

#15 கணக்குப்பிள்ளை

சரி, அந்தக் கணக்கை அடித்துவிட்டேன்.

#16 புதுத்துடுப்பு

கல்லூரி மாணவன். ஓர் அடிப்படைக் கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹைப்ரிட் கப்பல் என்கிறார்களே, டீசலை எரித்து மின்சாரம் செய்து, அந்த மின்சாரத்தால் மோட்டாரைச் சுழற்றினால் எப்படி மிச்சமாகும்? நடுவில் இழப்புதானே கூடும்?

#17 பழைய சீஃப்

நல்ல கேள்வி. கோபமே இல்லை.

இழப்பு உண்டு. ஜெனரேட்டர், மின்மாற்றி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மோட்டார் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்னும், மொத்தம் 8 முதல் 10 சதவீதம். துறைமுகம் விட்டுத் துறைமுகம் ஒரே வேகத்தில் போகும் சரக்குக் கப்பலுக்கு எஞ்சினை நேராக அச்சில் கோப்பதுதான் சிறந்தது. அங்கே ஹைப்ரிட் என்று யாராவது விற்க வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. 1903-ல் வோல்கா ஆற்றில் ஓடிய 'வண்டால்' என்ற எண்ணெய்க் கப்பல் டீசல் ஜெனரேட்டரும் மின்மோட்டாரும் கொண்டதுதான். அன்றைய டீசல் எஞ்சினைப் பின்னோக்கிச் சுழற்ற முடியாது, அதனால் நடுவே மின்சாரத்தை வைத்தார்கள். சிக்கனத்துக்காக அல்ல, ரிவர்ஸ் போவதற்காக!

மிச்சம் எங்கே வருகிறது என்றால், சுமை ஏறி இறங்கும் கப்பலில். கடலில் எண்ணெய்த் துரப்பண மேடைக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் இருந்திருக்கிறேன். மேடைக்குப் பக்கத்தில் நங்கூரம் போடாமல், கணினி சொன்னபடி புரொப்பெல்லரை ஆட்டிக்கொண்டே ஓரிடத்தில் நிற்க வேண்டும். தேவை 20 சதவீதம். ஆனால் ஒரு ஜெனரேட்டர் திடீரென்று நின்றால் கப்பல் மேடைமேல் மோதிவிடும் என்பதால் இன்னொன்றும் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும். டீசல் எஞ்சினுக்கு இந்த அரைகுறை வேலை ஆகவே ஆகாது. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைச் சுழற்றும் அளவுக்குப் புகை வராது, எரிபொருள் முழுதாக எரியாது, சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழக்கும், பிறகு எண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். விடியற்காலை புகைபோக்கிக்குக் கீழே தளத்தைத் துடைத்தால் வெள்ளைத் துணி பிசுபிசுவென்று கறுத்து வரும். அதைக் கழுவ ஓர் ஆள்.

அந்த இரண்டாவது ஜெனரேட்டருக்குப் பதில் ஒரு பேட்டரி நின்றால் போதும். முதல் எஞ்சின் நின்றால் அடுத்ததைக் கிளப்பும்வரை தாங்கினால் சரி. ஓடும் ஒரே எஞ்சின் நல்ல சுமையில் ஓடும். 'வைக்கிங் லேடி' என்ற கப்பலில் 2013-ல் இப்படித்தான் பேட்டரி வைத்தார்கள். அங்கே பேட்டரியின் வேலை ஓட்டுவது அல்ல, காவல் நிற்பது.

#18 அலைக்கோடு

ஹைப்ரிட் என்ற சொல்லுக்குள் நான்கைந்து வேறு வேறு கப்பல்கள் ஒளிந்திருக்கின்றன. கரையில் பிளக் இல்லாத ஹைப்ரிட், பிளக் உள்ளது, எஞ்சினும் மோட்டாரும் ஒரே அச்சில் இருப்பது, அச்சுக்கு எஞ்சினே போகாதது. விற்பவர் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

ஏற்கெனவே டீசல் மின்சார ஏற்பாடு உள்ள கப்பலை மாற்றுவது எளிது. ஸ்வீடனின் ஹெல்சிங்போரி, டென்மார்க்கின் ஹெல்சிங்கர் நகரங்களுக்கு நடுவே ஓடும் 'டைகோ பிராஹே', 'அவ்ரோரா' இரண்டும் அப்படித்தான். ஒவ்வொன்றிலும் 4,160 யூனிட் பேட்டரி ஏற்றினார்கள். கரையில் ரோபோ கை சார்ஜ் மாட்டும். பழைய டீசல் எஞ்சின்களை இறக்கவில்லை, காப்பாக உள்ளேயே இருக்கின்றன.

#19 புதுத்துடுப்பு

நன்றி ஐயா. கூரையில் சோலார் போட்டால்?

#20 மின்வாசி

படகைப் பொறுத்தது. வைக்கம், தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' 75 பேர் போகும் சூரியப் படகு. மெல்லிய உடல், மெதுவான வேகம், 20 கிலோவாட் பலகை, அதனால் பொருந்துகிறது. கணக்குப்பிள்ளையின் கார் ஃபெர்ரியில் 300 சதுர மீட்டர் பலகை போட்டாலும் நல்ல வெயில் நாளில் 250 யூனிட் அளவுக்குத்தான் வரும். தேவை 4,270. விளக்கும் மின்விசிறியும் ஓட்டலாம்.

#21 ஐயப்படுவோன்

எடையை விடுவோம். தீயைப் பற்றி ஏன் யாரும் வாய் திறக்கவில்லை?

#22 பழைய சீஃப்

திறக்கிறேன். இதில் ஐயப்படுவோன் பக்கம்தான் நான்.

2019 அக்டோபரில் நார்வேயில் 'இட்டரோய்னிங்கன்' என்ற ஃபெர்ரியின் பேட்டரி அறையில் தீ. கரைக்கு வந்து பயணிகள் இறங்கிவிட்டார்கள், தீயும் அடங்கியதாகத் தெரிந்தது. மறுநாள் தளத்துக்குக் கீழே வெடித்தது. அதுதான் லித்தியம் பேட்டரியின் குணம். தீ அடங்கினாலும் சூடான செல்கள் வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கரைப்பான் ஆவி எல்லாம் சேர்ந்து மூடிய அறையில் தங்கும். நச்சுக்காற்றுக்கு ஆளான தீயணைப்பு வீரர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சமயத்தில் பேட்டரி கப்பலின் கண்காணிப்பு அமைப்போடு இணைப்பில் இல்லை. செல்லின் சூட்டைச் சொல்ல யாரும் இல்லை. அந்த இணைப்பு இல்லாமல் கப்பலை ஓட்டாதீர்கள் என்று நார்வேயின் கடல்சார் அதிகாரிகள் பிறகு எச்சரித்தார்கள்.

2021-ல் 'பிரிம்' என்ற சுற்றுலாப் படகிலும் தீ. உப்புநீர் பேட்டரி அறைக்குள் போனதுதான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. ஆகவே தம்பி கணக்குப்பிள்ளை, பேட்டரி அறையின் காற்றுக்குழாய் எங்கே திறக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். அலை தெறிக்கும் பக்கமா, பயணிகள் நிற்கும் பக்கமா, இரண்டும் இல்லாத இடமா. பேட்டரி விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

#23 ஐயப்படுவோன்

சீஃப் என் பக்கம் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் டீசல் கப்பலிலும் எஞ்சின் அறைத் தீ உண்டு என்பதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது சொல்வார்கள்.

#24 அலைக்கோடு

எல்லை எங்கே என்றும் பார்க்கலாம். டென்மார்க்கின் 'எல்லன்' 4,300 யூனிட்டோடு, போகவர 22 கடல் மைல் வழித்தடத்தில் 2019 முதல் ஓடுகிறது. தாஸ்மேனியாவில் கட்டி 2025 மே மாதம் நீரில் இறக்கிய 'சைனா சொரில்யா' 130 மீட்டர், 40,000 யூனிட்டுக்கு மேல், பேட்டரி மட்டும் 250 டன். பியூனஸ் அயர்ஸுக்கும் உருகுவேக்கும் இடையே 2,100 பேரை ஏற்றிப் போவதற்காகக் கட்டியது. 71 டன்னுக்குச் சிரித்த மேலாளரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள்.

#25 கணக்குப்பிள்ளை

மேலாளர் இப்போது சிரிப்பதில்லை. 15 டன் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழு மின்சாரம், இரு கரையிலும் 300 யூனிட் தொட்டி, 125 கிலோவாட் கம்பி, படகில் 1,500 யூனிட். நாளை அனுப்பப் போகிறேன்.

#26 பழைய சீஃப்

அந்த 400 கிலோவாட் எந்த நாளில் அளந்தது?

#27 கணக்குப்பிள்ளை

ஒரு வாரச் சராசரி. ஏன் ஐயா?

#28 பழைய சீஃப்

அந்த வாரம் காற்று எப்படி?

#29 கணக்குப்பிள்ளை

அமைதியாகத்தான் இருந்தது என்கிறார்கள். எதிர்காற்று நாளில் கால் பங்கு கூடும் என்று படகோட்டி சொன்னார்.

இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். நடைக்கு 166 செலவு, 110 வரவு, துண்டு 56. 32 நடைக்கு 1,792. கையில் இருப்பது 900. பிற்பகலிலேயே படகு நின்றுவிடும்.

#30 மின்வாசி

பேட்டரியை இரட்டிப்பாக்காதீர்கள். வருடத்தில் சில நாளுக்காக இன்னொரு 15 டன்னைத் தினமும் சுமந்து திரியும்.

#31 பழைய சீஃப்

100 கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்று வையுங்கள். காற்று நாளில் மட்டும் காலையில் கிளப்பி இரவு நிறுத்துங்கள். கரையில் நிற்கும்போதும் ஓடட்டும். அரை மணிக்கு 50 யூனிட்.

#32 கணக்குப்பிள்ளை

32 நடைக்கு 1,600. துண்டு 192 ஆகிவிடுகிறது ஐயா! சுமையும் நாள் முழுவதும் ஒரே சீராக இருக்கும், நீங்கள் சொன்ன அந்தக் கறுப்புத் துணி வராது.

#33 பழைய சீஃப்

வராது. ஆனால் மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் எஞ்சின் தேவைப்படும் நாளில் கிளம்பாது. வாரம் ஒருமுறை சுமையோடு ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். அதை யார் செய்வது என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறீர்களா?

#34 கணக்குப்பிள்ளை

இல்லை. அனுப்புவதை நாளை மறுநாளுக்குத் தள்ளிவைக்கிறேன்.